பிறக்கிராசியார் நடந்த வழி

கனகசபாபதிப் பிறக்கிராசியாருக்கு ஐம்பத்திரண்டு வயதாகும்வரை தன் கால்களைப் பற்றி யோசிக்கவேண்டிய தேவை வந்ததில்லை. கந்தரோடையில் தன் வீட்டுப் படலையடியில் காரில் ஏறுவார். மல்லாகம் நீதவான் கோட்டு வாசலில் இறங்குவார். இடையிலே கிடந்த மூன்று மைல்கட்டைத் தூரமும் டிறைவர் யாகப்புவின் பாடு. பின் ஆசனத்தில் சாய்ந்து அன்றைய வழக்குக் கடதாசிகளை மடியில் விரித்தாரென்றால் கார் நின்ற பிறகுதான் தலை நிமிரும். சுன்னாகம் சந்தையின் இரைச்சலும் யாகப்பு ஹோர்ன் அடிக்கிற சத்தமும் காதில் விழும். வழியைப் பற்றி அவருக்குத் தெரிந்தது அவ்வளவுதான்.

கெட்டிக்காரப் பிறக்கிராசி; கோட்டில் வழக்குப் பேசுகிற சட்டத்தரணி. காணி வழக்கென்றால் உடுவிலிலிருந்து தெல்லிப்பழை வரைக்கும் சனம் அவரைத் தேடித்தான் வரும். காணி உறுதியும் தோம்புப் பதிவும் அவருக்குத் தண்ணீர்பட்ட பாடு. அளவைகாரர் கீறின படத்தை விரித்து அதன்மேல் சுட்டுவிரலை வைத்தாரென்றால் எதிர்ப்பக்கத்தாரின் காணி ஒரு முழமாவது சுருங்கும் என்று கோட்டு வாசலில் வெற்றிலை விற்கிறவள்கூடச் சொல்லுவாள்.

யப்பான்காரன் கொழும்பிலும் திருகோணமலையிலும் குண்டு போட்ட வருஷம் அது. அரிசிக்குக் கூப்பன் வந்தது. பெற்றோலுக்கும் கூப்பன் வந்தது. கிடைக்கிற பெற்றோலில் மாதத்தில் பத்து நாள் ஓடலாம் என்று யாகப்பு கணக்குச் சொன்னான். அந்தக் கணக்கும் நிலைக்கவில்லை. ஆவணி மாதத்தில் இரண்டு ரயர்கள் ஒரே கிழமையில் வெடித்துப்போயின. புது ரயர் என்ற பேச்சுக்கே யாழ்ப்பாணத்துக் கடைக்காரர்கள் சிரித்தார்கள்.

யாகப்புவுக்குப் பலாலியில், விமான வெளி கட்டுகிற இடத்தில், லொறி ஓட்ட ஆள் எடுக்கிறார்கள் என்று தெரியவந்தது. போவதற்கு முதல்நாள் அவன் அந்த ஒஸ்ரின் காரைக் கழுவித் துடைத்து, நாலு பனங்குற்றிகளின் மேல் ஏற்றி, கிடுகால் மூடிக் கட்டினான். செத்த வீட்டில் நிற்கிறவனைப் போலச் சிறிது நேரம் பக்கத்தில் நின்றுவிட்டு, சாவியைப் பிறக்கிராசியாரின் கையில் கொடுத்தான்.

"ஐயா, குறை நினைக்காதேங்கோ. வீட்டிலை ஆறு வயிறு."

"நீ போ யாகப்பு. நல்லாயிருப்பாய்" என்றார் பிறக்கிராசியார். அவன் சைக்கிளில் ஏறிப் போவதைப் பார்த்துக்கொண்டு நின்றபோதுதான், நாளைக்கு எப்படிக் கோட்டுக்குப் போவது என்று அவருக்குத் திகைப்பாக இருந்தது.

பஸ்ஸில் நெரிபட்டுப் போக அவருடைய கறுத்தக் கோட்டு இடம் கொடுக்கவில்லை. புகையிரதம் அவர் நேரத்துக்கு வருவதாயில்லை. வண்டில்காரன் கந்தப்புவின் ஒற்றை மாட்டுத் திருக்கல் வண்டிலை மாதத்துக்குப் பேசி அமர்த்தினார். ஒரு மாதம் அப்படிப் போயிற்று. ஆனால் கந்தப்புவுக்கு மல்லாகம் கோட்டிலும் சுன்னாகம் சந்தைதான் பெரிது. ஐப்பசி பிறந்த ஒரு சந்தை நாளில், யாரோ மிளகாய்ச் சாக்கு ஏற்றக் கூப்பிட்டார்கள் என்று அவன் அந்தப் பக்கம் போய்விட்டான். பிறக்கிராசியார் கோட்டும் சப்பாத்துமாகப் படலையடியில் நின்று நின்று பார்த்தார். எட்டேகால் ஆயிற்று. ஒன்பதரைக்கு நீதவான் வந்து உட்கார்ந்துவிடுவார்.

"நான் நடந்து போறன்" என்றார்.

மனைவி மகாதேவி கையிலிருந்த சுளகை நிலத்தில் வைத்துவிட்டாள். "இஞ்சாருங்கோ, நடந்தோ? சனம் என்ன நினைக்கும்?"

"சனம் என்னத்தையும் நினைக்கட்டும். நீதவான் என்னை நினைக்கப் போறார்."

குடையைக் கைத்தடியாக ஊன்றிக்கொண்டு, கடதாசிக் கட்டைக் கக்கத்தில் இடுக்கிக்கொண்டு புறப்பட்டார். முதற் கட்டை தாண்டுவதற்குள் மூச்சு முட்டிற்று. சுன்னாகத்துக்கு இந்தப் பக்கம் ஒரு மதகில் உட்கார்ந்து நெற்றியைத் துடைத்தார். வண்டில்காரர்களும் சந்தைக்குக் கடகம் சுமந்து போகும் பெண்களும் அவரைப் பார்த்து ஒதுங்கிப் போனார்கள். கோட்டு வாசலில் ஏறியபோது பெருவிரலில் ஒரு கொப்புளம் உடைந்திருந்தது. பின்னேரம் திரும்பியும் நடந்துதான் வந்தார், வேறு வழியில்லாமல்.

அன்றிரவு அவர் சாப்பிட்ட பிட்டைப் பார்த்து மகாதேவி இன்னொரு நீத்துப்பெட்டி நிறைய அவித்தாள். பாயில் சரிந்தவருக்கு விடியும்வரை நினைவில்லை. வருஷக்கணக்காக நடுச்சாமத்தில் விழித்திருந்து, எதிர்ப்பக்கத்து வாதங்களை எண்ணிக்கொண்டு முகட்டைப் பார்த்துக் கிடந்த மனிதர் அவர். காலையில் எழும்பிக் கொப்புளத்துக்கு மருந்து வைத்துக்கொண்டிருந்தபோது, உடம்பு தனக்கு ஏதோ சொல்ல முயல்கிறது என்று அவருக்குப் பட்டது. மூன்றாம் நாள் கந்தப்பு மன்னிப்புக் கேட்டுக்கொண்டு வண்டிலோடு வந்து நின்றான்.

"நீ சந்தைக்குப் போ. நான் நடக்கிறன்."

கந்தப்புவுக்கு முகம் சுருங்கியது. ஐயா கோபத்தில் சொல்கிறார் என்று நினைத்தான். கோபமில்லை என்று விளங்கியதும், செய்த குற்றத்துக்கு ஈடுகட்டுகிறவனைப் போல ஒரு சேதி சொன்னான்.

"நடக்கிறதெண்டால் ஏன் ஐயா சுன்னாகம் சந்தியாலை சுத்துறியள்? வயலுக்குள்ளாலை குறுக்கை விழுந்து போங்கோ. ஒரு கட்டை மிச்சம். அங்காலை ஒரு ஒழுங்கை ஏறும். அது நேரே மல்லாகம் றோட்டிலை கொண்டுபோய் விடும்."

பிறக்கிராசியார் நொடித்துப்போனார், காரை விற்றுவிட்டார் என்றெல்லாம் ஊரில் ஒரு கதை அடிபடத் தொடங்கியிருந்தது. வயற்பாதையில் கதை காவித்திரிய ஆளில்லை என்பதும் ஒரு வசதிதான். அடுத்த நாளே அந்த வழியில் இறங்கினார்.

முதல்நாள் இரவு மழை பெய்திருந்தது. முளைவிட்ட நெல் வயலெல்லாம் ஒரே பச்சை. வரம்பில் அவர் கால் வைக்க வைக்கத் தவளைகள் பொத்துப் பொத்தென்று தண்ணீரில் பாய்ந்தன. கொக்குகள் மட்டும் அவரை மதிக்கவில்லை. சாட்சி சொல்ல வந்தவர்களைப் போல ஒற்றைக்காலில் அசையாமல் நின்றன. பிறந்து வளர்ந்த ஊருக்கு இவ்வளவு கிட்ட இப்படி ஒரு வெளி கிடந்ததே என்று அதிசயப்பட்டுக்கொண்டே போனார். வயல் முடிந்து தோட்டங்கள் தொடங்கின. புகையிலைக்குப் பண்படுத்திய செம்மண் நிலம் மழையில் நனைந்து சுட்ட ஓடுபோலச் சிவந்திருந்தது. அதன் கரையோடு ஒரு வேலி. நெருக்கமாகக் கிளுவந் தடிகளைக் கதியால்களாக நட்டு, ஓலை வைத்து இறுக்கி அடைத்திருந்தது. வழி அந்த வேலியில் வந்து முட்டி நின்றது. வேலிக்கு வெளியே மிச்சமாயிருந்தது ஒரு வாய்க்கால் மட்டும்தான். அதற்கப்பால் கூப்பிடு தூரத்தில் ஒழுங்கையின் வாய் தெரிந்தது.

வாய்க்கால் ஓரத்தில் காலை வைத்தார். ஓரம் கரைந்தது. முழங்கால்வரை சேற்றில் இறங்கி, வேலியை எட்டிப் பிடித்துக்கொண்டு நின்றார். கிளுவை முள் உள்ளங்கையில் ஏறியது.

"எந்த மடையன் உதிலை வேலியடைச்சவன்!" என்று வாய்விட்டுக் கத்தினார்.

வாய்க்காலுக்கு அந்தப் பக்கத்தில் ஒரு சிறிய மண்வீடும் கிணறும் வெங்காயத் தறையும் இருந்தன. தறையில் குந்தியிருந்து புல் பிடுங்கிக்கொண்டிருந்த ஒரு பெண் நிமிர்ந்து பார்த்தாள். நாற்பது வயதிருக்கும், நெற்றி வெறுமையாக இருந்தது. அவரைக் கண்டதும் அவள் முகத்தில் ஏதோ ஓடி மறைந்தது. பிறகு சேலையை இழுத்துச் செருகிக்கொண்டு போய், வீட்டுப் பக்கத்தில் கிடந்த ஒரு பனஞ் சிலாகையை இழுத்து வந்து வாய்க்காலுக்குள் அவர் பக்கமாக நீட்டிப் போட்டாள்.

"இதைப் பிடிச்சு ஏறுங்கோ ஐயா. அவசரப்படாதேங்கோ. மற்றக் காலையும் விட்டால் சப்பாத்து வராது."

ஏறினார். அவள் கிணற்றில் அள்ளி ஒரு வாளி தண்ணீரும் செம்பும் கொண்டுவந்து வைத்துவிட்டு எட்ட நின்றாள். காலைக் கழுவி, சப்பாத்தைக் கழுவி, காற்சட்டையின் ஓரத்தைப் பிழிந்துவிட்டுக் கொண்டார். குடிக்கவும் அந்தத் தண்ணீரையே வார்த்தார். நல்ல தண்ணீர், கல்லுக்குள்ளிருந்து வந்த குளிர்.

"பெரிய உபகாரம் பிள்ளை. நீ இல்லாட்டில் இண்டைக்கு நான் கோட்டுக்குப் போயிருக்க மாட்டன்."

அவள் தலையை மட்டும் ஆட்டிவிட்டுத் தறைக்குத் திரும்பினாள்.

அன்றுதொட்டு அது அவருடைய வழியாகிவிட்டது. சேற்றுக்குப் பயந்து றோட்டுக்குத் திரும்ப அவருக்கு மனம் வரவில்லை. சப்பாத்தைக் கழற்றிக் கையில் பிடித்துக்கொண்டு வரம்பில் நடக்கப் பழகினார். பனஞ் சிலாகை வாய்க்காலோரத்தில் நிரந்தரமாகக் கிடந்தது; அதன் முடிவில் ஒரு வாளி தண்ணீரும் செம்பும். சில நாட்களில் அந்தப் பெண் தறையில் நின்றாள், சில நாட்களில் இல்லை. தண்ணீர் மட்டும் இல்லாமற் போனதில்லை. அவளுடைய இரண்டு பெட்டைகள் பள்ளிக்கூடத்துக்குப் பாவாடையை முழங்காலுக்கு மேலே தூக்கிப் பிடித்துக்கொண்டு அதே வாய்க்காலுக்குள்ளால் போவதையும் கண்டார். அவர் காலுக்குச் சிலாகை போட்டவள் பிள்ளைகளின் காலுக்கு ஏன் போடவில்லை என்று முதலில் நினைத்தார். ஒழுங்கை வரைக்கும் வாய்க்காலுக்குள்ளால்தான் போகவேண்டும், சிலாகை அதில் கால்வாசித் தூரத்துக்குத்தான் காணும், மிச்சம் எல்லாருக்கும் சேறுதான் என்பது பிறகு விளங்கியது.

உடம்பு இளகிற்று. சர்க்கரை வியாதி என்று மானிப்பாய் டொக்டர் வெருட்டியிருந்தார். அவரே இப்போது நாடியைப் பிடித்துப் பார்த்துவிட்டு, என்ன மருந்து சாப்பிடுகிறீர் என்று கேட்டார். கோட்டில் எழுந்து நின்றால் முன்போல மூச்சிரைக்கவில்லை. ஆனால் அதைவிடப் பெரிய காரியம் வேறொன்று நடந்துகொண்டிருந்தது. காலையில் கண்விழித்ததும் அவருக்கு ஒரு சந்தோஷம் வந்தது. காரில் போன இருபது வருஷத்தில், கோட்டுக்குப் போகவேண்டுமே என்று ஒருநாளாவது சந்தோஷப்பட்டது அவருக்கு ஞாபகமில்லை. இப்போது மழை இருட்டியிருந்தாலும் குடையைத் தேடினார். வயலில் களை பிடுங்குகிறவன் "ஐயா, இண்டைக்குச் சுணங்கிப்போச்சுது" என்று நேரம் சொன்னான். யாரோ ஒரு கிழவன் நாலு கத்தரிக்காயைக் கோட்டுப் பையில் வலியத் திணித்தான். அன்று முழுதும் அவற்றோடேயே வழக்குப் பேசினார். வாங்கிக்கொள்ளத் தெரியாமல் இவ்வளவு காலமும் கார்க் கண்ணாடிக்குள் இருந்துவிட்டேனே என்று மகாதேவியிடம் சொன்னார். அவள், "கத்தரிக்காய் நல்ல பிஞ்சு" என்றாள்.

கார்த்திகை மாதக் கடைசியில் ஏரம்புவின் வழக்குத் தவணை வந்தது.

ஏரம்பு மல்லாகத்தில் பெரிய புகையிலைக்காரர். ஏழெட்டு இடங்களில் தோட்டம். பத்து வருஷமாகக் கனகசபாபதியின் கட்சிக்காரர். இந்த வழக்கு நாலு வருஷமாக இழுபட்டுக் கிடந்தது. அவருடைய தோட்டக் கரையோடு தங்களுக்கு ஒரு நடைவழி இருந்ததென்றும், அதை அவர் வேலிக்குள் சேர்த்து அடைத்துவிட்டார் என்றும் நாகலிங்கம் என்ற ஒருவர் போட்ட வழக்கு. நாகலிங்கம் போன வருஷம் செத்துப்போக, அவருடைய பெண்சாதியின் பெயர் கடதாசியில் ஏறியிருந்தது. எதிர்ப்பக்கத்துக்கு நமசிவாயம் பிறக்கிராசியார். கனகசபாபதியின் பழைய சிநேகிதர்.

கனகசபாபதி படத்தை மேசையில் விரித்தார். சிவப்பு மையில் ஒரு கோடு, அதன் பக்கத்தில் மெல்லிய நீலத்தில் ஒரு வாய்க்கால். பிறகு தான் எழுதிய மறுமொழிக் கடதாசியை எடுத்தார். அவருடைய அழகான கையெழுத்து. 'வழக்காளி பகுதியார் வாய்க்கால் ஓரமாகத் தாராளமாய்ப் போய்வர இடமிருக்கிறபடியால், எதிராளியின் காணிக்குள் வழி கேட்க அவர்களுக்கு நியாயமில்லை.' இந்த ஒரு வசனத்தில்தான் வழக்கே நின்றது. வாசித்துவிட்டு உட்கார்ந்தால் போதும்.

"நாகலிங்கம் பெண்சாதி பூரணம்!" என்று கோட்டுச் சேவகன் கூப்பிட்டான்.

பின்வாங்கிலிருந்து ஒரு பெண் எழும்பி முன்னே வந்தாள். வெளுத்த வெள்ளைச் சேலை. அதன் கீழ்க்கரையில், எவ்வளவு தோய்த்தும் போகாத செம்மண் கறை. அவள் சாட்சிக் கூட்டில் ஏறிக் கைகூப்பினாள். கோட்டில் எப்போதும் கடதாசியோடு கிடக்கும் பிறக்கிராசியார் அன்று தலை நிமிர்ந்து பார்த்தார்.

சிலாகை போட்டவள். தண்ணீர் வைத்தவள்.

அவருக்குச் சட்டென்று எல்லாம் ஒன்றாகத் தெரிந்தது. படத்தில் கிடந்த நீலக் கோடு எது, சிவப்புக் கோடு எது, உள்ளங்கையில் ஏறிய முள் யாருடைய வேலியின் முள், எந்த மடையனைத் திட்டினார் என்பதெல்லாம். வேலி ஏரம்பு அடைத்தது. அதைக் கோட்டில் நிமிர்த்தி வைத்திருந்தது அவருடைய இந்த வசனம்.

"மிஸ்டர் கனகசபாபதி?" என்றார் நீதவான்.

எழுந்தார். கடதாசியைப் பார்த்தார். வாசிக்க வாய் வரவில்லை. கோட்டில் எல்லாரும் அவரையே பார்த்தார்கள். மேசைக்கு அந்தப் பக்கம் நமசிவாயம் கண்ணாடியை நெற்றிக்கு உயர்த்திக்கொண்டு பார்த்தார்.

"கனம் நீதவான் அவர்களே, ஒரு தவணை வேண்டும். என்னுடைய கட்சிக்காரரோடு நான் பேசவேண்டியிருக்கிறது."

கோட்டு வாசலில் ஏரம்பு அவரை மறித்துக்கொண்டார். சிவந்த, தடித்த மனிதர். சால்வையை உதறிய உதறலில் காற்று வீசிற்று.

"ஐயா, உதென்ன வேலை? இண்டைக்கு முடியிற வழக்கு. ஏன் தவணை கேட்டனீங்கள்?"

"ஏரம்பர், அந்த வேலி எங்கை நிக்குதெண்டு எனக்கு இண்டைக்குத்தான் தெரிஞ்சுது."

"படம் நாலு வருஷமா உங்கடை கையிலை தானே கிடக்குது?"

"படத்திலை சேறு இல்லை காணும்."

ஏரம்புவுக்கு விளங்கவில்லை. பிறக்கிராசியார் குரலைத் தணித்துச் சொன்னார்: "நான் எழுதின வசனம் பொய். தெரியாமல் எழுதினனான். இப்ப தெரிஞ்சுகொண்டு அதை வாசிக்க என்னாலை ஏலாது. வேறை பிறக்கிராசியைப் பிடிக்கிறதெண்டால் பிடியும், கடதாசியெல்லாம் இண்டைக்கே தாறன். ஆனால் அதுக்கு முன்னம் ஒருக்கால் என்னோடை அதாலை நடந்து வாரும். அவ்வளவுதான் கேக்கிறன்."

"நடக்கிறதோ? நான் பிறந்த நாள் துவக்கம் நடக்கிறவன்! உங்களைப்போலை காரிலை போனவனே?"

"அப்ப பயமென்ன? வாரும்."

பின்னேரம் வீட்டுக்குப் போகையில் பூரணம் கிணற்றடியில் நின்றாள். வாளி வழக்கம்போல வைத்திருந்தது. அவருக்குக் கால் கழுவ மனம் வரவில்லை.

"பிள்ளை, வழக்கைப் பற்றி நான் உன்னோடை கதைக்கக்கூடாது. அதுக்கு நமசிவாயத்தார் இருக்கிறார். ஒண்டு மட்டும் கேக்கிறன். நான் ஆரெண்டு உனக்கு முதல்நாளே தெரியுமோ?"

"தெரியும் ஐயா."

"தெரிஞ்சுகொண்டோ சிலாகை போட்டனீ?"

அவள் கயிற்றைத் துலாவில் சுற்றிக்கொண்டே சொன்னாள்: "கோட்டிலை நீங்கள் எழும்பினால் எனக்கு நெஞ்சு படபடவெண்டு அடிக்கும். உங்களைக் கண்ட அண்டைக்கும் அடிச்சதுதான். ஆனால் சேத்துக்கை நிக்கிற மனிசனைக் கண்டுகொண்டு புல்லுப் பிடுங்கேலுமே?" கயிற்றின் நுனியைக் கட்டிவிட்டு, "நீங்கள் ஒவ்வொரு நாளும் உதாலை போறது எனக்கு ஒரு ஆறுதலாயும் இருந்தது, ஐயா. எங்கடை பாடு படிச்ச ஒராளுக்காவது தெரிஞ்சுபோச்சுது எண்டு" என்றாள்.

பிறக்கிராசியார் குனிந்து காலைக் கழுவினார்.

ஏரம்பு வர ஒரு கிழமை எடுத்தது. வந்தது வாதத்தில் வெல்லத்தான். மார்கழி பிறந்து அடைமழை ஓய்ந்த ஒரு காலை, வேட்டியை மடித்துக் கட்டிக்கொண்டு கந்தரோடைக்கு வந்து படலையடியில் நின்றார். வரம்பில் பிறக்கிராசியாரை முந்திக்கொண்டு விறுவிறென்று நடந்தார். "உப்பிடி ஊர்ந்தால் எப்ப போய்ச் சேர்றது?" என்று இரண்டுதரம் நின்று திரும்பிப் பார்த்தார். தன் தோட்டத்து மூலைக் கதியாலைக் கண்டதும் நடை தளர்ந்தது.

வாய்க்கால் நிரம்பி வழிந்தது. பனஞ் சிலாகை தண்ணீரில் மிதந்து ஒருபக்கம் ஒதுங்கிப் போயிருந்தது. ஏரம்பு இறங்கினார். தொடைவரை தண்ணீர். நாலு அடி வைத்து, தன் வேலியையே பிடித்துக்கொண்டு நின்றுவிட்டார். பிறக்கிராசியார் பின்னால் இறங்கி நின்றார்.

"நாகலிங்கத்தைக் கொண்டுபோன அண்டைக்கும் உப்பிடித்தான் தண்ணி நிண்டிருக்கும்" என்றார் ஏரம்பு தண்ணீரைப் பார்த்து. "போன மார்கழி. அண்டைக்கும் விடாத மழை."

பிறக்கிராசியார் ஒரு அடி கிட்ட வந்தார்.

"பறைச்சத்தம் கேட்டுது ஐயா. நான் வீட்டுக்குள்ளை இருந்தனான். வழக்காளியின்ரை செத்த வீட்டுக்குப் போறதோ எண்டு இருந்தனான். பாடையைத் தூக்கினவை என்னெண்டு போயிருப்பினம் எண்டு நான் யோசிச்சும் பாக்கேல்லை." கதியாலை ஒருதரம் உலுக்கிப் பார்த்தார், அது நன்றாக வேர்விட்டிருந்தது. "நானும் அவனும் உந்த வழியாலைதான் ஒண்டாய்ப் பள்ளிக்கூடம் போனனாங்கள்."

அந்நேரம் பூரணம் வாளியோடு வந்தாள். ஏரம்புவைக் கண்டதும் அப்படியே நின்றாள். நாலு வருஷமாக முகம் பார்த்துப் பேசாதவர்கள். ஏரம்பு பிறக்கிராசியாரின் பக்கம் திரும்பிக்கொண்டு உரத்துச் சொன்னார்:

"அவவுக்குச் சொல்லுங்கோ, வேலியை நாலு முழம் உள்ளுக்கை எடுக்கிறன். தலைப்பிலை அவ ஒரு படலை போடவேணும். ஆடு என்ரை புகையிலைக்கை கால் வைச்சுதோ, திரும்ப அடைப்பன்."

பூரணமும் பிறக்கிராசியாரைப் பார்த்தே சொன்னாள்: "ஆட்டை நான் கட்டித்தான் வளக்கிறன் எண்டு அவருக்குச் சொல்லுங்கோ. படலை போடுறன்."

இருவருக்கும் இடையில் ஆறு முழம்தான். ஒருவர் சொன்னது மற்றவர் காதில் தெளிவாக விழுந்தது. ஆனாலும் கனகசபாபதி, தொடைவரை தண்ணீரில் நின்றபடி, குடையை ஒரு கையிலும் சப்பாத்தை மறு கையிலும் தூக்கிப் பிடித்துக்கொண்டு, அவர் சொன்னதை அவளுக்கும் அவள் சொன்னதை அவருக்கும் ஒரு சொல்லும் குறையாமல் சொன்னார். முப்பது வருஷத்தில் அவர் பேசிய வழக்குகளில் இவ்வளவு சுருக்கமாகப் பேசினது வேறில்லை.

ஏரம்பு ஏறி ஒழுங்கைக்குப் போனார். போகிற போக்கில், வைத்திருந்த வாளியில் ஒரு செம்பு தண்ணீர் எடுத்துக் காலில் ஊற்றிக்கொண்டார். பூரணம் அதைப் பார்த்துக்கொண்டு நின்றாள். வீட்டுக்குள் போன பிறகுதான் அவள் அழுதிருக்கவேண்டும், உள்ளேயிருந்து சின்னப் பெட்டை "ஏனம்மா?" என்று கேட்பது வெளியே கேட்டது.

தைப்பொங்கல் கழிந்ததும் கதியால்களைப் பிடுங்கி நாலு முழம் உள்ளே நட்டார்கள். இரண்டு பிறக்கிராசிமாரும் ஒப்பமிட்ட இணக்கக் கடதாசி கோட்டில் போடப்பட்டது. ஏரம்பு சொன்ன சொல்லைக் காப்பாற்றினார். ஆனால் அந்த ஆண்டு துவக்கம் தன் மற்ற வழக்குகளையெல்லாம் வேறொரு பிறக்கிராசியாரிடம் கொடுத்துவிட்டார். தன்னைத் தொடைவரை தண்ணீரில் கண்டவரிடம் இனி எப்படி மிடுக்காகப் போய் உட்காருவது? அதில் கனகசபாபதிக்கு ஒரு மனவருத்தமும் இருக்கவில்லை. தானும் அன்று அதே தண்ணீரில்தானே நின்றார்.

இணக்கம் பதிந்த பின்னேரம் கோட்டு வாசலில் நமசிவாயம் பஸ்ஸுக்குக் காத்துக்கொண்டு நின்றார். வந்த பஸ்ஸில் மிதிபலகையிலும் ஆட்கள் தொங்கினார்கள்.

"என்ன காணும்," என்றார் நமசிவாயம், "வெல்லுற வழக்கை விட்டுப்போட்டு முகத்தைப் பார், பொங்கல் நாள் மாதிரி. நீர் யப்பான்காரனுக்கு ஒரு உபகாரக் கடிதம் எழுதவேணும். அவனாலைதானே உமக்குக் கால் முளைச்சுது."

கனகசபாபதி சிரிக்கவில்லை. "குண்டு போட்டுச் சனத்தைக் கொன்றவனுக்கு என்ன உபகாரம் காணும். ஆருக்குச் சொல்லுறதெண்டு எனக்கும் தெரியேல்லை. வெடிச்ச ரயருக்கோ, சந்தைக்குப் போன கந்தப்புவுக்கோ? விடிய எழும்பினால் அந்தப் பிள்ளை வைச்ச தண்ணிதான் நினைவிலை வருது. சொல்ல வேண்டிய ஆக்கள் கனபேர். ஒவ்வொருத்தராய்ச் சொல்லித்தான் முடிக்கவேணும்." பிறகு, "பஸ்ஸை விடும். என்னோடை வாரும். கந்தரோடையிலை மகாதேவி தேத்தண்ணி தருவா. அங்கையிருந்து உடுவிலிலை உம்மடை வீடு என்ன தூரம்?" என்றார்.

நமசிவாயம் முணுமுணுத்துக்கொண்டே வந்தார். றோட்டிலிருந்து ஒழுங்கையில் இறங்கி, புதிதாகத் திறந்த வழியில் இரண்டுபேரும் பக்கம் பக்கமாக நடந்தார்கள். மண் காய்ந்து, பள்ளிக்கூடப் பிள்ளைகளின் காலடிகளால் இறுகத் தொடங்கியிருந்தது. பூரணம் வெங்காயத் தறையிலிருந்து நிமிர்ந்து பார்த்து, தலையை ஆட்டிவிட்டுத் திரும்பவும் குனிந்தாள். வயல் தொடங்கியது. கதிர் முற்றிச் சாய்ந்திருந்தது. வெயில் சரிய, வெளி முழுவதும் மஞ்சள்.

"இன்னும் எவ்வளவு தூரம் காணும்?" என்று மூச்சிரைக்கக் கேட்டார் நமசிவாயம்.

"தெரியாது," என்றார் கனகசபாபதி. "நான் இன்னும் அளந்து பாக்கேல்லை."

நமசிவாயம் குனிந்து சப்பாத்தைக் கழற்றினார். இருவரும் வரம்பில் ஒருவர் பின் ஒருவராக, பேசிக்கொண்டு போனார்கள்.